என் சந்தேகம்தான் கணவரின் சுகத்தைத் தடுக்கிறதா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கிறேன், தொழிற்சாலையில் வேலை. என் கணவர் கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். நீரிழிவினால் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்து, இரண்டு ஆண்டுகளாக வாரத்திற்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். சபையே அவருக்காக உபவாசித்து ஜெபித்தது. மாற்றம் எதுவும் இல்லை. சில மாதங்களாக ஜெபிக்க உட்கார்ந்தால் "இதையெல்லாம் யாராவது கேட்கிறார்களா?" என்ற எண்ணமே எனக்கு முதலில் வருகிறது. எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்தும் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவர் யாக்கோபு நிருபத்தைத் திறந்து, சந்தேகப்படுகிறவன் கர்த்தரிடத்தில் எதையும் பெறமாட்டான் என்று வாசித்துக் காட்டி, "உன் சந்தேகம்தான் தடையாக நிற்கிறது" என்றார். வெளியூரிலிருந்து வந்த ஒரு தேவ ஊழியர், இரண்டு வாரம் டயாலிசிஸை நிறுத்தி விசுவாசத்தைக் காட்டும்படி என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மாமியார் இந்து, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். நாமும் அப்படி ஏதாவது செய்தால் என்ன என்று ஓர் இரவு எனக்கே தோன்றிவிட்டது. என் சந்தேகம்தான் கணவரின் சுகத்தைத் தடுக்கிறதா? இந்த மனதோடு ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பாசாங்கு இல்லையா? நான்காம் படிவத்தில் படிக்கும் என் மகன், "அப்பாவுக்காகச் செய்த ஜெபமெல்லாம் எங்கே போச்சும்மா?" என்று கேட்கிறான், அவனுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள். ஆனால் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிக்குத்தான் நான் முதலில் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் கணவர் டயாலிசிஸை நிறுத்தக் கூடாது. இரண்டு வாரம் மட்டுமல்ல, ஒரே ஒரு முறைகூட. சிறுநீரகம் செய்யவேண்டிய வேலையை அந்த இயந்திரம் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் செய்து முடிக்கிறது. அது தவறினால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். வெளியேற வழியில்லாத நீர் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறும். அந்த ஊழியர் ஊர் திரும்பிவிட்டார். அவர் சொன்னதைக் கேட்டு நடந்தால் நள்ளிரவில் ஆம்புலன்சுக்காகக் காத்திருக்கப்போவது நீங்கள்.

வேதமும் அவர் பக்கம் இல்லை. தேவாலயத்து உப்பரிகையிலிருந்து தாழக் குதிக்கும்படி இயேசுவிடம் சொன்ன பிசாசு, தேவதூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று 91ஆம் சங்கீதத்தை மேற்கோள் காட்டித்தான் அதைச் சொன்னது. "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக" என்பதே இயேசு அதற்குக் கொடுத்த பதில் (மத்தேயு 4:7). குதிக்க மறுத்ததால் அவருடைய விசுவாசம் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்லமாட்டோம். எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் 15 ஆண்டுகள் ஆயுள் கூட்டித் தரப்படும் என்று அறிவித்த அதே ஏசாயா தீர்க்கதரிசி, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து அவருடைய பிளவையின்மேல் பற்றுப்போடவும் சொன்னார் (ஏசாயா 38). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வாயிலிருந்து வந்தன; ஒன்றை ஏற்க மற்றதை விடவேண்டும் என்று யாரும் அங்கே நிபந்தனை போடவில்லை.

இனி, உங்களைப் படுத்திக்கொண்டிருக்கும் அந்த யாக்கோபு வசனத்துக்கு வருகிறேன். அக்கா 1ஆம் அதிகாரத்தின் 6, 7ஆம் வசனங்களை வாசித்திருக்கிறார். அவற்றுக்கு முந்தின 5ஆம் வசனத்தை வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன். "உங்களில் ஒருவன் ஞானத்தில் குறைவுள்ளவனாயிருந்தால், யாவருக்கும் சம்பூரணமாய்க் கொடுக்கிறவரும் ஒருவரையும் கடிந்துகொள்ளாதவருமாகிய தேவனிடத்தில் கேட்கக்கடவன்" என்று அங்கே இருக்கிறது. பலவிதமான சோதனைகளில் அகப்பட்டிருக்கிறவர்களுக்கு, அவற்றின் நடுவில் எப்படி நடந்துகொள்வது என்ற ஞானத்தைக் கேளுங்கள் என்று எழுதப்பட்ட பகுதி இது. நோய் குணமாவதற்கு எத்தனை பங்கு விசுவாசம் வேண்டும் என்று கணக்குச் சொல்லும் பகுதி அல்ல. கடிந்துகொள்ளாத தேவன் என்று ஆரம்பிக்கும் வாக்கியத்தின் பிற்பாதியை எடுத்து, துயரத்தில் இருக்கும் ஒரு பெண்ணைக் கடிந்துகொள்வதற்குப் பயன்படுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அப்படியானால் யாக்கோபு கண்டிக்கும் சந்தேகம் எது? இருமனமுள்ளவன் என்று அவர் அழைக்கும் ஆளை 4ஆம் அதிகாரத்தில் மீண்டும் சந்திக்கிறோம். தேவனையும் விடாமல், உலகத்தின் சிநேகத்தையும் விடாமல், இரண்டிலும் ஆதாயம் பார்த்துக்கொண்டிருப்பவன் அவன். தேவனிடத்தில் ஞானத்தைக் கேட்பான். கிடைத்தது தனக்குத் தோதுப்பட்டால் மட்டும் நடப்பான். இப்படிப்பட்ட இருமனம் மெய்யாகவே உண்டு. சந்தேகத்தையே ஒரு பெருமையாக அணிந்துகொள்ளும் இந்நாளைய பழக்கமும் எனக்கு உவப்பானதல்ல. ஆனால் இரண்டு ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டபின், கேட்கிறாரா என்று ஒருவர் கலங்குவது வேறு விஷயம். நீங்கள் கேட்பதை நிறுத்தவில்லை. யாரும் கேட்கவில்லையோ என்ற எண்ணம் வந்தபோதுகூட ஜெபிக்க உட்கார்ந்த இடத்தில்தான் அது வந்திருக்கிறது.

உங்கள் முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் பகுதி மாற்கு 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அலைக்கழிக்கப்படும் மகனை ஒரு தகப்பன் சீஷர்களிடம் கொண்டுவருகிறான், அவர்களால் முடியவில்லை. சுற்றிலும் வேதபாரகர்கள் நின்று தர்க்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இயேசு வந்ததும் தகப்பனிடம், "இது இவனுக்கு உண்டாகி எவ்வளவு காலமாயிற்று?" என்று கேட்கிறார். சிறுவயது முதற்கொண்டே என்று அவன் சொல்கிறான். பின்பு, "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று தயங்கிக்கொண்டே உதவி கேட்கிறான். பல ஆண்டுகள் தீயிலும் தண்ணீரிலும் விழுந்த பிள்ளையைத் தூக்கியெடுத்தவனுடைய வாயில் அந்தத் தயக்கம் வருவதில் வியப்பில்லை. விசுவாசிக்கிறவனுக்கு எல்லாம் கூடும் என்று இயேசு சொன்னபோது, அந்த மனிதன் தன்னைத் தேற்றிக்கொண்டு விசுவாசத்தை முழுமையாக்கிவிட்டுத் திரும்பி வரவில்லை. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சத்தமிட்டான் (மாற்கு 9:24). இரண்டும் தன்னிடத்தில் இருப்பதை எல்லாருக்கும் முன்பாக ஒப்புக்கொண்டான்.

அதற்குப்பின் நடந்ததைக் கவனியுங்கள். இயேசு அவனை அனுப்பிவிட்டு, முழு விசுவாசத்தோடு வா என்று சொல்லவில்லை. பையன் அந்த நாளிலேயே குணமானான். வியாதிப்பட்டவன் ஒருவன், சந்தேகத்தை அறிக்கையிட்டவன் அவனைக் கவனித்துக்கொண்டிருந்த இன்னொருவன். உங்கள் வீட்டு நிலைமையும் அதுதான். கவனித்துக்கொள்பவரின் மனதிலிருந்த சந்தேகம் அங்கே கர்த்தருடைய கையைக் கட்டிப்போடவில்லை.

உங்கள் அக்கா இதற்கு நாசரேத்தைக் காட்டக்கூடும். காட்டினால் அது நியாயமான கேள்விதான். சொந்த ஊரில் இயேசுவால் அற்புதம் எதுவும் செய்யக் கூடாமற்போயிற்று என்றும், அவர்களுடைய அவிசுவாசத்தைக் குறித்து ஆச்சரியப்பட்டார் என்றும் மாற்கு 6ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆனால் நாசரேத்தார் அழுதுகொண்டு வந்து, உதவி கேட்டு, உள்ளுக்குள் தடுமாறியவர்கள் அல்லர். "இவன் தச்சனல்லவா?" என்று இடறலடைந்து அவரை ஒதுக்கியவர்கள். அங்கேயும் சில நோயாளிகள்மேல் அவர் கைகளை வைத்துக் குணமாக்கினார் என்பதையும் அதே வாக்கியத்தில் காணலாம். பெதஸ்தா குளத்தருகே 38 ஆண்டுகள் கிடந்தவனோ, தன்னைச் சுகமாக்கினவர் இன்னாரென்றுகூட அறியாதிருந்தான் (யோவான் 5). நாயீன் ஊர் விதவை எதையுமே கேட்கவில்லை. அவளுடைய விசுவாசத்தைப் பற்றி லூக்கா ஒரு சொல்லும் எழுதவில்லை. விசுவாசத்தை அளந்து அதற்கு ஈடாகச் சுகத்தைக் கொடுக்கிறவராகச் சுவிசேஷங்கள் அவரைக் காட்டவில்லை.

இவ்வளவும் சொன்னதை, உங்கள் கணவர் கட்டாயம் குணமாவார் என்ற வாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த வாக்கைக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. எபேசுவில் பவுலின் சரீரத்திலிருந்த உறுமால்களை (கைக்குட்டைகளை) கொண்டுவந்து போட்டபோது வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அதே எபேசு ஊரானாகிய துரோப்பீமுவை, "மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று அதே பவுல் பின்னாளில் எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). காரணம் எதுவும் சொல்லவில்லை. துரோப்பீமுவின் விசுவாசத்தையோ தம் விசுவாசத்தையோ குறைசொல்லவும் இல்லை. தம் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக அவர் மூன்றுதரம் வேண்டிக்கொண்டதும், முள் எடுக்கப்படாமல் "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில் மட்டும் கிடைத்ததும் உங்களுக்குத் தெரியும். நம்முடைய சாட்சிக் கூட்டங்களில் எபேசுவின் உறுமால்கள் அடிக்கடி பேசப்படுகின்றன. மிலேத்துவில் படுத்திருந்த துரோப்பீமுவைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. உங்கள் வீட்டைப் போன்ற வீடுகள் தங்களைக் குற்றவாளிகளாக நினைத்துக்கொள்வதற்கு இந்த மௌனமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

அக்காவோடு சண்டை வேண்டாம். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. யோபுவின் சிநேகிதரும் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர்கள்தான். காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெடுத்தார்கள். அடுத்த முறை பேச்சு வந்தால், "அக்கா, எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க. காரணத்தைக் கர்த்தர்கிட்டயே விட்டுடுவோம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். அப்படியும் அவர் விடவில்லையென்றால், கொஞ்சக் காலம் வேறொரு ஜெபக்கூட்டத்திற்குப் போவதில் தவறில்லை.

பால்குடம் பற்றி உங்களுக்குத் தோன்றியதை எழுதியிருந்தீர்கள். அதை எழுதுவதற்கு உங்களுக்கு எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்பது புரிகிறது. ஓர் இரவு தோன்றி மறைந்த எண்ணம், யாக்கோபு சொல்லும் இருமனம் ஆகிவிடாது. வலியில் இருக்கும் மனம் கண்ணில் படும் வாசல்களையெல்லாம் தட்டிப் பார்க்கும். நீங்கள் வந்து நின்றிருக்கும் இடம் எதுவென்று உங்களுக்குத் தெளிவாகத் தெரிகிறது என்பதைக் கடிதத்தின் தொனியே சொல்கிறது. மாமியாரைப் பொறுத்தவரை, அவர் ஒரு தாய். தம் மகனுக்காகத் தமக்குத் தெரிந்த வழியில் வேண்டிக்கொள்கிறார். அந்த வேண்டுதலில் நீங்கள் பங்குகொள்ள வேண்டியதில்லை. அவரோடு வாதாட வேண்டியதுமில்லை. அவர் தைப்பூசத்துக்குப் போய் வருகிற நாளில் அவருக்காகச் சோறு ஆக்கி வைத்திருப்பது உங்கள் விசுவாசத்திற்கு எந்தக் குறைவையும் உண்டாக்காது.

ஞாயிறு பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உயிர்த்தெழுந்த இயேசுவைப் பதினொரு சீஷர்களும் கலிலேயாவின் மலையில் கண்ட காட்சியை மத்தேயு, "அவரைக் கண்டு, பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று முடிக்கிறார் (28:17). கண்முன்னே நிற்கிறவரைப் பார்த்தும் சந்தேகம்! அடுத்த வசனங்களிலேயே, சகல ஜாதிகளையும் சீஷராக்கி அவர்களுக்கு உபதேசம் பண்ணுங்கள் என்ற கட்டளை வருகிறது. சந்தேகப்பட்டவர்கள் மட்டும் ஓரமாக நில்லுங்கள் என்று அவர் பிரிக்கவில்லை. கற்பிக்கும் பொறுப்பு எல்லாருக்கும் ஒன்றாகவே கொடுக்கப்பட்டது. பாசாங்கு என்பது உள்ளே இல்லாததை இருப்பதாகக் காட்டுவது. நீங்கள் கற்பிக்கும் கதைகள் உண்மையென்று நம்பித்தான் அவற்றின்மேல் சாய்ந்திருக்கிறீர்கள். சாய்ந்திருப்பதனால்தான் அவை தாங்குமா என்ற பயமும் வருகிறது.

ஆனாலும் எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். துன்மார்க்கர் வாழ்வதைக் கண்டு, நான் விருதாவாகவே என் இருதயத்தைச் சுத்தம்பண்ணினேன் என்று புலம்பிய ஆசாப், அதே 73ஆம் சங்கீதத்தின் 15ஆம் வசனத்தில், இப்படியே பேசினால் உம்முடைய பிள்ளைகளின் சந்ததிக்குத் துரோகியாவேன் என்று தன்னை நிறுத்திக்கொள்கிறான். நிறுத்தியதை விழுங்கிவிடாமல் பரிசுத்த ஸ்தலத்துக்குக் கொண்டுபோகிறான். எட்டு வயதுப் பிள்ளைகளின் வகுப்பு உங்கள் கலக்கத்தை இறக்கி வைக்கும் இடமல்ல. உங்கள் போதகரும், நம்பிக்கைக்குரிய ஓரிரு பெண்களும், தனி ஜெபமும் அதற்கான இடங்கள். களைப்பினால் பாடம் தயாரிக்க முடியவில்லையென்றால் சில மாதங்கள் ஓய்வு கேளுங்கள், கண்காணிப்பாளர் மறுக்கமாட்டார். குற்ற உணர்வினால் மட்டும் விலக வேண்டாம்.

மகனுடைய கேள்வி இதிலிருந்து வேறுபட்டது, ஏனென்றால் அதைக் கேட்டவன் அவனே. பதினாறு வயதை எட்டும் பையன், அம்மா தனக்கு மழுப்புகிறார் என்பதை உடனே கண்டுகொள்வான். "கர்த்தருடைய வேளை வரும்" என்ற ஒரு வரியில் அவனை அடக்கிவிடாதீர்கள். "எனக்கும் தெரியலப்பா. நானும் அதையேதான் அவர்கிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லுங்கள், அதுதான் உண்மை. பிறகு விருப்பமிருந்தால் இருவரும் சேர்ந்து 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் ஒரு முறையீடு வேதப் புத்தகத்துக்குள்ளேயே அச்சிடப்பட்டிருப்பதைப் பார்க்கிற பையன், தன் கேள்வி விசுவாசத்துக்கு வெளியிலிருந்து வந்ததல்ல என்று அறிந்துகொள்வான். 88ஆம் சங்கீதம் ஆறுதலான முடிவுகூட இல்லாமல் நின்றுவிடுகிறது. அதையும் ஒருநாள் காட்டலாம். அவன் வாசிக்க மறுத்தால் வற்புறுத்தாதீர்கள். அவன் கோபத்துக்குள்ளே அப்பா இறந்துவிடுவாரோ என்ற பயம் இருக்கக்கூடும். ஜெபத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தப் பயத்தைப் பற்றிப் பேசுங்கள். டயாலிசிஸ் நிலையத்துக்கு ஒருமுறை அவனையும் கூட்டிப் போய், அங்குள்ள தாதியரிடம் அவனுடைய சந்தேகங்களைக் கேட்கச் சொன்னால் பாதிப் பயம் தெளியும்.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வேலை, வீடு, வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் அலைச்சல், இரவில் கணக்குப் பார்ப்பது என்று இரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. சூரைச்செடியின்கீழ் விழுந்து, போதும் கர்த்தாவே என்று சாகக் கேட்ட எலியாவைத் தேவன் முதலில் கண்டிக்கவில்லை. தூங்கவிட்டார், தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பிடச் சொன்னார். பேச்சு அதற்குப் பிறகுதான் (1 இராஜாக்கள் 19). ஜெபிக்க முடியாமைக்கு ஆவிக்குரிய காரணம் தேடுவதற்கு முன், கடைசியாக எப்போது ஆறு மணி நேரம் தொடர்ந்து தூங்கினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத நிலையும் இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். சபையில் "எதாவது வேணும்னா சொல்லுங்க" என்பவர்களிடம் இனிமேல் குறிப்பாகவே சொல்லுங்கள்: வாரத்தில் ஒரு நாள் கணவரை நிலையத்துக்கு ஏற்றிச் செல்ல ஒருவர், ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்கு ஒருவர். திமிர்வாதக்காரனை நான்குபேர் சுமந்து கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தைக்" கண்டார் என்று எழுதியிருக்கிறது. சுமக்க முடியாத நாளில் பிறர் சுமப்பதற்கு இடங்கொடுப்பதும் விசுவாசத்தில் சேர்ந்ததுதான்.

பணவிஷயத்தில், கணவர் லாரி ஓட்டிய காலத்தில் சொக்சோ (தொழிலாளர்களுக்கான சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா செலுத்தப்பட்டிருந்தால், இயலாமை ஓய்வூதியத்துக்கும் டயாலிசிஸ் உதவிக்கும் தகுதி உண்டா என்று சொக்சோ அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள். மருத்துவமனையின் சமூகநலப் பிரிவினர் படிவங்களை நிரப்ப உதவுவார்கள். இதையெல்லாம் தேடிப் போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், அவருக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கடைசியாக, யாக்கோபு நிருபத்தையே இன்னும் நான்கு அதிகாரம் தள்ளிப் போய் வாசியுங்கள். ஒருவன் வியாதிப்பட்டால் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக. அவர்கள் எண்ணெய் பூசி ஜெபம்பண்ணக்கடவர்கள். விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று 5:14, 15 சொல்கிறது. அங்கே பேசப்படும் விசுவாசம் ஜெபிக்க வந்த மூப்பர்களுடையது. நோயாளியின் மனைவிக்கு எவ்வளவு விசுவாசம் இருக்கிறது என்று யாரும் விசாரிக்கும்படி யாக்கோபு சொல்லவில்லை. உங்கள் போதகரிடம் கேட்டு, மூப்பர்களை வீட்டுக்கு வரவழைத்து, கணவருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவர் களைத்திருப்பார். ஆகையால் இடைப்பட்ட ஒரு நாளைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாமியாரும் மகனும் விரும்பினால் கூட உட்காரட்டும். உங்களிடம் ஜெபிக்கச் சொன்னால் மாற்கு 9:24 போதும். அதுவும் வாயில் வரவில்லையென்றால் மூப்பர்களே ஜெபித்து முடிக்கட்டும். மறுநாள் காலையில் வழக்கமான நேரத்துக்கு டயாலிசிஸ் நிலையத்துக்குக் கிளம்பிவிடுங்கள்.